'சும்மா' என்னும் சொல்லும் சமணர் கண்ட அசைவின்மையும்

தமிழர் நாவில் நாள்தோறும் பன்முறை புரளும் சொற்களுள் 'சும்மா' என்பது ஒன்று. கற்றோரும் கல்லாதாரும், முதியோரும் சிறாரும் வேறுபாடின்றி வழங்கும் சொல் அது. ஆயினும் அதன் பொருள் யாதென ஒருவரை வினவினால் அவர் சற்றே தயங்குவர். பொருள் இல்லாமையால் அன்று. பொருள் மிகுதியால் வரும் தயக்கம் அது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும் அடக்கும் நெறியைப் பழங்காலந்தொட்டு இந்நாட்டில் வாழ்ந்து காட்டிய சமண மரபினர்க்கு இச்சொல் தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது. அசைவற்று இருத்தல் உயர்வா இழிவா என்னும் பெருவினா இச்சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

சொல்லின் பரப்பு

வீட்டுக்கு வந்த விருந்தினரை "என்ன செய்தி?" என்று கேட்டால் "சும்மாதான் வந்தேன்" என்கிறார். இங்கு அது தனி நோக்கம் இன்மையைக் குறிக்கும். கடைக்காரர் காய்கறியோடு கறிவேப்பிலையைச் சும்மா தருகிறார், இங்கு விலையின்மை. அழும் குழந்தையைத் தாய் "சும்மா இரு" என்கிறாள், இங்கு ஒலியடங்கல். துள்ளித் திரியும் சிறுவனிடமும் அவள் அதனையே சொல்கிறாள், அங்கு உடலடங்கல். "சும்மா சொன்னேன்" என்றால் விளையாட்டு, "சும்மாச் சும்மா கேட்காதே" என்றால் மீண்டும் மீண்டும் நிகழ்தல், "பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்றால் காரணமின்மையின் மறுப்பு. பாராட்டத் தொடங்கும்போது "சும்மா சொல்லக்கூடாது" என்பதும் உண்டு. அங்கு அச்சொல் பொய்ம்மையைக் குறித்து, வரப்போகும் புகழ்ச்சிக்கு மெய்ம்மை சேர்க்கிறது.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்குப் பல பொருள்களை எண்ணிட்டுத் தருகிறது. அவை அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு பொதுமை புலனாகும். ஏதோ ஒன்று 'இல்லை' என்பதே அப்பொதுமை. பேச்சு இல்லை, செயல் இல்லை, விலை இல்லை, காரணம் இல்லை, பயன் இல்லை, உண்மை இல்லை. எது இல்லை என்பதை இடமும் குரலும் உணர்த்திவிடுகின்றன.

இது தமிழுக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. மலையாளத்தார் 'சும்மா' என்றே வழங்குகின்றனர். கன்னடத்தார் 'சும்மனெ' என்பர். அங்கும் பேசாதிருத்தல், காரணமின்றிச் செய்தல் ஆகிய இரு பொருளும் உண்டு. உடன்பிறந்த மொழிகள் மூன்றும் ஒரே சொல்லை ஒரே பொருட்பரப்பில் போற்றி வைத்திருப்பது அதன் பழமைக்குச் சான்று.

இதனோடு ஒலியால் நெருங்கிய மற்றொரு சொல்லும் தமிழில் உண்டு. 'சும்மை' என்பது அது. தொல்காப்பிய உரியியல் அதனை ஆரவாரம், ஒலி என்னும் பொருளில் வைத்து ஓதுகிறது. தலையில் பாரம் சுமப்போர் வைத்துக்கொள்ளும் 'சும்மாடு' சுமையோடு சேர்ந்தது. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு இவற்றை ஒரு குடும்பம் என்று முடிவு கட்டுதல் இலக்கண நெறி ஆகாது. எனினும் ஓர் எழுத்து மாறியவுடன் ஆரவாரத்தைக் குறிக்கும் சொல் மறைந்து அமைதியைக் குறிக்கும் சொல் தோன்றுவது, கற்பார்க்கு இன்பம் தரும் ஒரு தற்செயலே.

ஏளனமும் ஏற்றமும்

இச்சொல்லுக்குத் தமிழகத்தில் இரு வேறு வரலாறுகள் உள்ளன. ஒன்று ஏளனத்தின் வரலாறு. வேலை இல்லாத இளைஞன் சும்மா இருக்கிறான். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கிறார். விடியுமுன் எழுந்து இரவு வரை அடுப்படியில் நிற்கும் பெண்ணும் வீட்டில் சும்மா இருக்கிறாள். பொருளீட்டாத உழைப்பு அனைத்தையும் இச்சொல் ஒரு நொடியில் இல்லையென்று ஆக்கிவிடுகிறது.

மற்றொன்று ஏற்றத்தின் வரலாறு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரும், 18ஆம் நூற்றாண்டின் தாயுமானவரும் இப்பேச்சு வழக்குச் சொல்லை எடுத்து, ஆன்மிகத்தின் உச்ச நிலைக்குப் பெயராக வைத்தனர். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து 1950இல் மறையும் வரை அங்கேயே தங்கிய இரமண மகரிஷி, மௌனத்தையே தம் உபதேசமாகக் கொண்டார்.

ஊர்ப்புறங்களில் ஒரு செவிவழிக் கதையும் வழங்குகிறது. ஒரு கோயிலின் கணக்கில், சும்மா இருக்கும் சாமியாருக்கு இத்தனை பட்டைச் சோறு என்று எழுதியிருந்ததாம். புதிதாக வந்த அதிகாரி அதனை வீண்செலவு என்று எண்ணி, தாமும் ஒருநாள் சும்மா இருந்து பார்த்தாராம். உடல் அடங்கினால் மனம் ஓடியது. மனத்தை இழுத்தால் கை கால் நமைந்தது. மறுநாள் அவர் சாமியாரின் படியை இரட்டிப்பாக்கினாராம். இருத்தலின் அருமையை இதைவிட எளிமையாகச் சொல்ல இயலாது.

சமண நூல்கள் தரும் விளக்கம்

இந்த இடத்தில் சமணம் கூறும் விளக்கம் நுணுகி நோக்கத்தக்கது. 'சிரமணர்' என்னும் சொல் முயற்சியைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. அதுவே தமிழில் சமணர் என்றும் அமணர் என்றும் ஆயிற்று. பெயரிலேயே உழைப்பைக் கொண்ட ஒரு கூட்டத்தார் அசைவின்மையை இலக்காகக் கொண்டது முரண்போலத் தோன்றும். முரண் அன்று என்பதை உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தெளிவாக்குகிறது.

பிற சமயத்தார் 'யோகம்' என்னும் சொல்லை மன ஒருமைக்கு வழங்குவர். சமண நூல்களிலோ அது மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றின் அசைவைக் குறிக்கும். அவ்வசைவின் வழியே வினைத்துகள் உயிரினிடத்து வந்து சேர்கிறது, அதுவே ஆசிரவம். அவ்வரவைத் தடுத்தல் சம்வரம். தடுக்கும் வழிகளை அடுக்கும்போது நூல் முதலில் வைப்பது குப்தி. மனோ குப்தி, வாக்கு குப்தி, காய குப்தி என அது மூவகைப்படும். எப்போதும் அசையாதிருத்தல் உடல் கொண்ட உயிர்க்கு இயலாதாகலின், அசைய நேரும்போது கைக்கொள்ள வேண்டிய கவனத்தைச் சமிதி என்று பெயரிட்டு ஐந்தாக வகுத்தனர். நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், பொருளை எடுத்து வைத்தல், கழிவு நீக்கல் ஆகிய ஐந்திலும் உயிர்க்கொலை நேராது விழித்திருத்தல் அதன் கருத்து.

எனவே சமணர் கண்ட 'சும்மா இருத்தல்' சோம்பல் அன்று. அருள் வந்து தாங்கும் என்னும் எதிர்பார்ப்பும் அதில் இல்லை. அசைவின் ஒவ்வொரு வாயிலையும் உயிர் தன் முயற்சியால் தானே அடைத்துக்கொள்ளும் காவல் அது. 'குப்தி' என்னும் சொல்லுக்கே காத்தல் என்பதுதான் பொருள்.

இதற்கு உயர்ந்த சான்று மகாவீர பகவானின் வரலாற்றிலேயே உள்ளது. பன்னிரண்டு ஆண்டுத் தவத்தின் பின் பகவான் கேவல ஞானம் எய்தினார். ஆயினும் 66 நாள் திவ்வியத்தொனி எழவில்லை என்பது திகம்பர மரபு. ஏற்றுணரும் தகுதி வாய்ந்த கணதரர் வரும் வரை அம்மௌனம் நீடித்தது. இந்திரபூதி கௌதமர் வந்தபின் விபுலாசலத்தில் முதல் அறவுரை எழுந்தது. அந்நாளே வீர சாசன ஜயந்தியாகப் போற்றப்படுகிறது. கேட்கத் தக்கார் இன்றி மொழியாமையும், தக்கார் வந்தபின் மறையாமையும் ஆகிய இரண்டும் வாக்கின் ஒழுக்கமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

கவுந்தியடிகளின் நா

தமிழ்க் காப்பிய உலகில் நாவடக்கத்தின் அருமையைக் காட்டுபவர் கவுந்தியடிகள். சிலப்பதிகார நாடுகாண் காதையில் சாரணர் அறவுரை கேட்ட அவர், தம் செவியும் நாவும் கண்ணும் உடலும் கையும் தலையும் மனமும் அருகனையன்றி வேறொன்றில் செல்லா என்று உரைக்கிறார். புலன்களை வெறுமனே மூடிவைப்பதை அவர் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் நிறுத்துவதையே சொல்கிறார். குப்திக்கு இதைவிட அழகிய தமிழ் விளக்கம் அரிது.

அதே காதையில், காவிரியைக் கடந்து தென்கரை சேர்ந்தபின், கண்ணகியையும் கோவலனையும் இழித்துரைத்த இருவரைக் கவுந்தியடிகள் நரியாகுமாறு சபித்துவிடுகிறார். கண்ணகியும் கோவலனும் நடுங்கி அவர்களுக்காக இரந்தபின், பன்னிரு திங்களில் சாபம் நீங்கும் என்று வரையறை செய்கிறார். நாவை அருகனுக்கு உரியதாக்கிய துறவிக்கும் அது ஒரு கணத்தில் நழுவியது. இளங்கோவடிகள் இவ்விரண்டையும் ஒரே காதையுள் அமைத்திருப்பது வாக்கு குப்தியின் கடினத்தை உணர்ந்தோர்க்கு ஒரு பாடம். கணவனும் மனைவியுமாகிய இரு இல்லறத்தார் சொல் கேட்டே துறவியின் சினம் தணிந்தது என்பதும் மறக்கத்தக்கது அன்று.

குன்றுகள் சொல்லும் வரலாறு

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கையைக் குறிக்கும் 'அதிட்டானம்' என்னும் சொல்லை ஆள்கிறது. இன்று கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல்லும் படுக்கை, தங்குமிடம் என்னும் பொருளில் இத்தகைய குன்றுகளோடு தொடர்புடையது. கிடத்தலையும் இருத்தலையும் குறித்த சொற்கள் நாளடைவில் கற்றலின் பெயராயின. அங்கு இருந்தோர் சும்மா இருந்திருப்பின் அப்பெயர் மாற்றம் நிகழ்ந்திராது.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரு பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றிலுள்ள மிகப் பழைய கல்வெட்டு ஒன்று சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லி, அவ்விடத்தை 'நிசீதிகை' என்று குறிக்கிறது. 'ஐ' என்னும் எழுத்து இடம்பெறும் தொன்மையான கல்வெட்டுகளுள் ஒன்றாதலால் எழுத்து வரலாற்று அறிஞரும் அதனைப் போற்றுவர்.

அவ்வைம்பத்தேழு நாளில் அவர் என்ன செய்தார் என்று உலகியல் நோக்கில் வினவினால், ஒன்றும் செய்யவில்லை என்பதே விடையாகும். உண்ணவில்லை, உழைக்கவில்லை, போராடவில்லை. ஆயின் மரபு அதனைச் சல்லேகனை என்று அழைத்து, வாழ்நாள் முழுதும் செய்த பயிற்சியின் முடிவாகக் கருதியது. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பது அன்று. 2015 ஆகஸ்டு 10இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தண்டனைக்குரியது என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அசையாதிருத்தலை அறமென்று காண்போர்க்கும், கைவிடல் என்று காண்போர்க்கும் இடையே உள்ள தொலைவு எத்துணை என்பதை அவ்விருபத்தொரு நாள் காட்டின. தம் நெறியைத் தம் மொழியில் விளக்க இயலாத சமுதாயத்திற்காகப் பிறர் விளக்கம் எழுதிவிடுவர் என்பதே அந்நிகழ்ச்சி தரும் எச்சரிக்கை.

'சும்மா' செய்தல் என்னும் குற்றம்

சமண அறநூல்கள் இச்சொல்லின் மறுபக்கத்தையும் ஆராய்ந்துள்ளன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய மூன்று குண விரதங்களுள் ஒன்றாக 'அனர்த்த தண்ட விரதம்' என்பதைக் கூறுகின்றன. அனர்த்தம் என்பது இங்குப் பயனின்மை. தண்டம் என்பது துன்பம் விளைத்தல். பயனொன்றும் இன்றிப் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையே அவ்விரதம்.

தீவினைக்கு வழி சொல்லல், கொலைக்கருவி வழங்கல், பிறர்க்குத் தீங்கு எண்ணல், மனத்தைக் கெடுக்கும் சொற்களைக் கேட்டல், கவனமற்ற செயல் என அது ஐந்தாக விரியும். கவனமற்ற செயலுக்கு நூலார் தரும் எடுத்துக்காட்டுகள் மிக எளியவை: காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளைக் கிள்ளுதல். "ஏன் அந்த இலையைப் பறித்தாய்?" என்று கேட்டால் "சும்மாதான்" என்று சிறுவன் விடை சொல்வானே, அந்தச் 'சும்மா'வைத்தான் அவர்கள் குற்றமென்று குறித்தனர்.

வயிற்றுக்காகச் செய்யும் செயலில் நேரும் சிறு கொலையை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது. அதனை நூல் அறியும். ஆயின் எதற்காகவும் அன்றிச் செய்வதைத் தவிர்க்க எவர்க்கும் இயலும். எனவே சும்மா இருக்கக் கற்றலும், சும்மா செய்வதை விடுதலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். பேச்சு வழக்கு ஒரு சொல்லுக்குள் அடக்கி வைத்த இரண்டையும் அறநூல் பிரித்து, ஒன்றைக் குப்தி என்று ஏற்றி, மற்றொன்றை அனர்த்த தண்டம் என்று விலக்கியது.

விலையின்மை என்னும் பொருளுக்கும் இங்கு இடம் உண்டு. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானமும் கைம்மாறு கருதாது சும்மா கொடுப்பனவே. செயலில் சும்மா கூடாது. கொடையில் சும்மாவே சிறப்பு.

தாம்பரத்தில் ஒரு முகூர்த்தம்

வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து கல்வியும் பணியும் நாடிச் சென்னைக்கு வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, நகரின் தென்புறத்தில் தங்கின. சொந்த ஊருக்குச் செல்லும் இருப்புப்பாதையும் பெருஞ்சாலையும் தாம்பரம் வழியே செல்வது அதற்கு ஒரு வாய்ப்பாயிற்று. 1931இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த சிற்றூர்கள் குடியிருப்புகளாக மாறின. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றோடு இணைந்து தாம்பரம் மாநகராட்சியாயிற்று.

அமைதி நாடும் நெறியினர்க்கு இது எளிய இடம் அன்று. வானூர்தி ஓசையும் தொடர்வண்டி ஓசையும் பெருஞ்சாலை இரைச்சலும் ஓயாத பகுதி இது. ஊரில் கதிர் மறையுமுன் உணவு முடித்து, விளக்கேற்றியபின் பஞ்ச நமஸ்காரம் சொல்லி அமர்ந்த பழக்கம், பணி முடிந்து இரவில் வீடு திரும்பும் வாழ்க்கையோடு நாள்தோறும் மோதுகிறது. அட்டமியும் சதுர்த்தசியும் நாட்காட்டியில் இருக்கின்றன. நோன்புக்கு நேரம் தேட வேண்டியிருக்கிறது.

ஆயினும் சிராவகர்க்குரிய நான்கு சிட்சா விரதங்களுள் ஒன்றாகிய சாமாயிகத்திற்கு நூலார் வகுத்த அளவு பெரிதன்று. ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்க ஆகும் நேரம் ஏறக்குறைய அவ்வளவே. அதுவும் இயலாதார்க்குக் காயோத்சர்க்கம் உண்டு. ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரத்தை 27 மூச்சில் நினைந்து, உடலின் மீதுள்ள பற்றை விட்டு நிற்றல் அது. குன்றும் குகையும் அதற்கு வேண்டா. மூச்சு ஒன்றே போதும்.

இங்கு வீட்டிலுள்ள முதியோரையும் எண்ணுதல் தகும். தாத்தா சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் சொல்வதுண்டு. உதடு அசையாமல் அவர் எண்ணிக்கொண்டிருப்பது எத்தனையாவது நமஸ்காரம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆயா உண்ணும்போது பேசாதிருப்பது சினத்தால் அன்று, ஆகாரம் ஏற்கும் முனிவரைப் பார்த்துக் கற்ற மௌனத்தால் என்பதும் தெரியாது. சொல்லித் தராவிட்டால் ஒரு தலைமுறையின் குப்தி அடுத்த தலைமுறையின் கண்ணுக்குச் சோம்பலாகத் தோன்றும். அப்போது இழப்பது ஒரு பழக்கத்தை மட்டும் அன்று. அப்பழக்கத்திற்குரிய சொல்லையும் இழக்கிறோம். 'குப்தி', 'சாமாயிகம்', 'காயோத்சர்க்கம்' ஆகியவை மறைந்து 'சும்மா' ஒன்றே எஞ்சுமாயின், சல்லேகனையைத் தற்கொலை என்று பிறர் சொல்லும்போது மறுக்க நம்மிடம் மொழி இராது.

ஐந்து மாத்திரை

உயிர் ஏறிச் செல்லும் குணத்தானங்கள் பதினான்கு. அவற்றுள் இறுதியானது அயோக கேவலி நிலை. மனம், வாக்கு, காயம் மூன்றின் அசைவும் முற்றும் ஒழிந்த நிலை அது ஒன்றே. அந்நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு ஆகமம் தரும் அளவு வியப்புக்குரியது. ஐந்து குற்றெழுத்தை ஒலிக்கும் நேரம் மட்டுமே. வடமொழி மரபில் சொன்ன அளவாயினும், தமிழிலும் உயிர்க்குறில் ஐந்தே. குறிலுக்கு மாத்திரை ஒன்று. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று வரையறுத்தவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அவரும் சமணரே.

ஆக, எண்ணற்ற பிறவிகளின் முயற்சி அனைத்தும் சென்று முடிவது ஐந்து முறை கண்ணிமைக்கும் நேர அசைவின்மையில். அதன்பின் உயிர் சித்த நிலை எய்தும். உண்மையாகச் சும்மா இருத்தலின் அளவு அவ்வளவு சிறிது. அதற்கான உழைப்போ அவ்வளவு பெரிது. "சும்மா இரு" என்று பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்லும் இல்லங்களில், அதற்கு எத்துணை முயற்சி வேண்டும் என்பதையும் உடன் சொல்லித் தருதல் இத்திருநாளில் மேற்கொள்ளத்தக்க நல்லதொரு விரதமாகும்.